வடிகாலுக்குத் தொலைவிலுள்ள குளியலறைக்குக் கழிப்பறைக் கோப்பையைத் தேர்ந்தெடுக்கும் முறை

புதிதாக ஒரு குளியலறை கட்ட முடிவெடுத்தவுடன் பெரும்பாலானோர் முதலில் செல்வது கோப்பைகளை அடுக்கி வைத்திருக்கும் கடைக்குத்தான். நிறம், உயரம், மூடி மெதுவாக இறங்குமா என்பதையெல்லாம் பார்த்து ஒன்றை வாங்கி வைத்துவிட்டு, அதன் பிறகே குழாய் எந்த வழியாகப் போகும் என்று பிளம்பரிடம் கேட்கிறார்கள். ஏற்கெனவே உள்ள கழிப்பறைக்கு ஒட்டினாற்போல் கட்டும்போது இந்த வரிசை பெரிய தீங்கு செய்வதில்லை. ஆனால் சேம்பரோ (கழிவுக் குழாய்கள் வந்து சேரும், மூடியிட்ட சிறு தொட்டி) செப்டிக் டேங்கோ இருபது மீட்டர் தள்ளி இருக்கும்போது, வாங்கிய கோப்பையே குழாயின் வாட்டத்தைத் தின்றுவிடக்கூடும்; தரை போட்டு, ஓடு ஒட்டி முடித்த பிறகு அதைத் திருத்த வழியிருக்காது. ஆகவே, வாட்டத்தை அளந்து கணக்கிட்டு முடிக்கும்வரை எந்தக் கோப்பைக்கும் முன்பணம் கொடுக்க வேண்டாம் என்பதே நான் முதலில் வலியுறுத்த விரும்புவது.

முதலில் அளக்க வேண்டியவை

கழிவு தானாக ஓடுவதற்குக் குழாய் சாய்ந்திருக்க வேண்டும். இந்தச் சாய்வையே கொத்தனார்கள் வாட்டம் என்கிறார்கள். ஒரே ஒரு கழிப்பறையைச் சுமக்கும் 100 அல்லது 110 மில்லிமீட்டர் குழாய்க்கு 40-க்கு 1 என்ற வாட்டம், அதாவது மீட்டருக்கு 25 மில்லிமீட்டர் இறக்கம், பாதுகாப்பான அளவு. 60-க்கு 1 வரை கவனமாகப் பதித்தால் நன்றாகவே வேலை செய்யும். 80-க்கு 1 என்பதை நான் கடைசி எல்லையாகவே கருதுகிறேன். அதற்கும் கீழே போனால், குழாய் பதிப்பவர் ஓரிடத்தில் சற்றே தவறினாலும் அங்கே நீர் தேங்கிவிடும். குழாய் தன்னைத் தானே கழுவிக்கொள்ள நீர் நொடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் வேகத்திலாவது ஓட வேண்டும் என்பது பொறியாளர்களின் பொதுக் கணக்கு. வாட்டம் குறைந்தால் இந்த வேகம் கிடைக்காது. திடக்கழிவு படிந்து, அதன்மேல் காகிதம் படிந்து, சில மாதங்களில் அடைப்பாக மாறும். அளவுக்கு மிஞ்சிய சாய்வில் நீர் முன்னே ஓடிவிட, திடப்பொருள் பின்தங்கிவிடும் என்று சொல்வோரும் உண்டு. அது நினைவில் வைக்கத்தக்கதே என்றாலும், தொலைவான குளியலறைகளைக் கெடுப்பது பெரும்பாலும் மிகையான வாட்டம் அல்ல, போதாத வாட்டம்தான்.

அளப்பதற்கு நீண்ட, தெளிவான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பிப் பார்க்கும் டியூப் லெவலே போதும். கட்டி முடிந்த பின் குளியலறைத் தரையின் மேல்மட்டம் எங்கே வரும் என்பதைச் சுவரில் குறித்துக்கொண்டு, அந்த மட்டத்தைச் சேம்பர் வரை கொண்டுசென்று, அங்கிருந்து சேம்பரின் உள்ளே நீர் ஓடும் வாய்க்காலின் அடிமட்டம் வரை எவ்வளவு ஆழம் என்று அளக்க வேண்டும். சேம்பருக்கு அருகிலுள்ள மண்தரையிலிருந்து அளப்பது பலரும் செய்யும் தவறு. மண்தரைக்கும் குளியலறைத் தரைக்கும் உள்ள உயர வேறுபாடு அதில் விட்டுப்போகிறது. தூரத்தைக் காகம் பறக்கும் நேர்க்கோட்டில் அளக்கக்கூடாது. குழாய் திரும்பித் திரும்பிச் செல்லப்போகும் பாதையிலேயே அளக்க வேண்டும்.

மூடியைத் திறக்கும்போது ஓர் எச்சரிக்கையை மறக்கவே கூடாது. சேம்பரிலும் செப்டிக் டேங்கிலும் ஹைட்ரஜன் சல்பைடு போன்ற நச்சுவாயு தங்கியிருக்கும். திறந்து சற்று நேரம் விட்டு, மேலிருந்தபடியே ஒரு கோலை இறக்கி அளக்க வேண்டும். தலையை உள்ளே நீட்டக்கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் எவரையும் உள்ளே இறக்கக்கூடாது.

கோப்பையின் வாய் எங்கே திறக்கிறது

இப்போது ஒரு கணக்கைப் பார்ப்போம். குழாயின் பாதை 25 மீட்டர் என்றும், சேம்பர் வாய்க்காலின் அடிமட்டம் குளியலறைத் தரையிலிருந்து 500 மில்லிமீட்டர் கீழே உள்ளது என்றும் வைத்துக்கொள்வோம். புதுக் குழாய் வாய்க்காலின் அடியிலேயே நுழைந்தால் மற்ற கழிவு அதற்குள் பின்னேறும். எனவே 50 மில்லிமீட்டராவது மேலே நுழைய வேண்டும். ஆக, நமக்குக் கிடைப்பது 450 மில்லிமீட்டர்.

ட்ராப் என்பது கோப்பையில் நீர் தேங்கி நிற்கும் வளைவு. எஸ் ட்ராப் கோப்பையின் கழிவு வாய் நேராகத் தரைக்குள் இறங்குகிறது. இறங்கிய குழாய் அங்கே ஒரு பெண்டு (வளைவுத் துண்டு) போட்டுக் கிடைமட்டமாகத் திரும்பும்போது, குழாயின் உள்ளடி ஏறத்தாழ 250 மில்லிமீட்டர் ஆழத்துக்குப் போய்விடும். மீதியிருப்பது 200 மில்லிமீட்டர். அதை 25 மீட்டருக்குப் பங்கிட்டால் 125-க்கு 1 என்ற வாட்டம்தான் கிடைக்கும். இது ஓடாது.

பி ட்ராப் கோப்பையின் கழிவு வாய் பின்பக்கமாகச் சுவரை நோக்கித் திறக்கிறது. அதன் மையம் தரைக்கு மேலே சுமார் 180 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும். குழாயின் உள்ளடி அங்கே தரைக்கு 130 மில்லிமீட்டர் மேலே தொடங்குவதால், மொத்தம் 580 மில்லிமீட்டர் இறக்கம் நம் கைக்கு வருகிறது. வாட்டம் 43-க்கு 1 ஆகிறது. சுவரில் தொங்கவிடும் கோப்பையாக இருந்து அதன் வாயின் மையம் 220 மில்லிமீட்டர் உயரத்தில் அமைந்தால், ஏறத்தாழ 40-க்கு 1 கிடைத்துவிடும். அதே அறை, அதே சேம்பர், அதே தூரம்தான்; கோப்பையின் வாய் திறக்கும் திசை ஒன்று மட்டுமே மாறியிருக்கிறது.

பி ட்ராப்பைத் தேர்ந்தெடுத்தால் குழாய் தொடக்கத்தில் சில மீட்டர் தூரம் தரைமட்டத்துக்கு மேலேயே செல்லும் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொள்ள வேண்டும். அது கதவு குறுக்கிடாத சுவரை ஒட்டி, இயன்றால் வெளிச்சுவரில், செல்ல வேண்டும். வெயில் படும் பிவிசி குழாய் நாளடைவில் நொறுங்கும் தன்மை அடைவதால், அதைச் செங்கல் கட்டி மூடுவதோ வெயில் தாங்கும் பூச்சு கொடுப்பதோ அவசியம். குழாயைத் தாங்கும் பட்டைகள் போதிய நெருக்கத்தில் இல்லாவிட்டால் நடுவே தொய்ந்து, அளந்து அளந்து சேர்த்த வாட்டம் அங்கேயே போய்விடும்.

குந்தி அமரும் கோப்பையை விரும்புவோருக்கு இந்த வசதி இல்லை. கோப்பையும் அதன் ட்ராப்பும் தரைக்குக் கீழேயே அமர வேண்டியிருப்பதால், அது எஸ் ட்ராப்பைவிடவும் அதிக ஆழம் கேட்கும். மேடை கட்டி அதன்மேல் வைத்தால் ஆழம் கிடைக்கும்; ஆனால் ஈரமான அறையில் ஒரு படி உருவாகும். முதியவர்களோ முழங்கால் வலி உள்ளவர்களோ புழங்கும் அறையில் அந்தப் படியை நான் பரிந்துரைக்க மாட்டேன். குளியலறை முழுவதையும் உயர்த்தும் யோசனைக்கும் இதுவே பொருந்தும்: வாசலில் வரும் தடுக்கல், வருடக்கணக்கில் ஒவ்வொரு நாளும் கடக்க வேண்டிய ஒன்று.

எத்தனை லிட்டர் தண்ணீர்

பழைய ஃப்ளஷ் டேங்குகள் ஒருமுறைக்கு 9 முதல் 13 லிட்டர் வரை கொட்டின. இன்றைய கோப்பைகள் முழு ஃப்ளஷ்ஷுக்கு 6 லிட்டரோ 4.5 லிட்டரோ, பாதி ஃப்ளஷ்ஷுக்கு 3 லிட்டரோதான் எடுத்துக்கொள்கின்றன. தண்ணீர்ச் சிக்கனம் மிக நல்லதே; ஆனால் கோப்பையைச் சுத்தமாக்கப் போதுமான தண்ணீர், நீண்ட குழாயின் கடைசிவரை கழிவைக் கொண்டுசெல்லப் போதும் என்று சொல்ல முடியாது. அமெரிக்க, கனடியத் தரநிலைச் சோதனையில், 2 சதவீத (50-க்கு 1) வாட்டமுள்ள 100 மில்லிமீட்டர் குழாயில் சோதனைப் பந்துகள் சராசரியாக 12.2 மீட்டர் நகர்ந்தால் அந்தக் கோப்பை தேறிவிடுகிறது. நம் குழாயோ 25 மீட்டர். ஒரு ஃப்ளஷ்ஷில் பாதி வழி வந்த கழிவு அங்கேயே நின்று, அடுத்த ஃப்ளஷ் வந்து தள்ளும்வரை காத்திருக்கிறது என்பதே உண்மை நிலவரம். அடுத்தடுத்துப் பயன்படுத்தப்படும் கழிப்பறையில் இதனால் தொல்லை இல்லை. வாரத்துக்கு ஒருமுறை பயன்படும் விருந்தினர் அறையில், நின்ற கழிவு காய்ந்து ஒட்டிக்கொள்கிறது.

கோப்பைகளின் விளம்பரத்தில் காணும் மேப் சோதனை எண்ணையும் இங்கே சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். சோயாப் பசையால் செய்த கட்டிகளை 1000 கிராம் வரை தள்ளுகிறது என்றால், கோப்பையை விட்டு வெளியேற்றும் திறன் மிகச் சிறப்பு என்று பொருள். குழாயின் கோடிவரை சேர்க்கும் என்று பொருள் அல்ல. ஆகவே நெடுந்தூரக் குழாய்க்கு, முழு ஃப்ளஷ் 6 லிட்டருக்குக் குறையாததும், டேங்கின் உள்ளே அளவைத் திருத்திக்கொள்ளக் கூடியதுமான கோப்பையையே நான் தேர்ந்தெடுப்பேன். மிகக் குறைந்த நீரில் இயங்கும் கோப்பைகள் வடிகாலுக்கு அருகில் உள்ள அறைகளுக்கு ஏற்றவை. பி ட்ராப் கோப்பைகளில் பெரும்பாலானவை நீரின் வேகத்தால் கழிவைத் தள்ளும் வகையைச் சேர்ந்தவை. உறிஞ்சி இழுக்கும் சைபான் வகைகள் பெரும்பாலும் தரைக்குள் இறங்கும் வாயோடுதான் வருகின்றன என்பதால், இந்தத் தேர்வு ஏறத்தாழத் தானாகவே அமைந்துவிடும்.

தண்ணீரின் போதாமையை ஈடுசெய்ய இன்னொரு வழி உண்டு. செலவில்லாதது என்பதாலேயே பலரும் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. குளிக்கும் தண்ணீரும் துணி துவைக்கும் இயந்திரத்தின் தண்ணீரும், தத்தம் ட்ராப்பின் வழியாக, அதே குழாயில், கோப்பை இணையும் இடத்துக்கு முன்பே, குழாயின் மேல்முனைப் பக்கத்தில் வந்து சேருமாறு அமைத்தால், ஒவ்வொரு குளியலும் குழாய் முழுவதையும் கழுவிக்கொண்டு போகும். அந்த நீரைத் தோட்டத்துக்குத் திருப்பிவிட எண்ணுவோர், நீண்ட குழாயில் கழிப்பறை நீர் மட்டும் தனியாக ஓடப்போகிறது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

குழாயைப் பற்றிச் சுருக்கமாக

பெரிய குழாய் போட்டால் அடைக்காது என்பது தவறான எண்ணம். 160 மில்லிமீட்டர் குழாயில் ஒரு கோப்பையின் தண்ணீர் அகலமாகப் பரவி ஆழமிழந்துவிடும், கழிவு மிதக்காது. 100 அல்லது 110 மில்லிமீட்டரே போதும். செங்கோணத் திருப்பத்துக்கு ஒரே எல்போ போடாமல் இரண்டு 45 பாகை பெண்டுகளைப் பயன்படுத்த வேண்டும். திசை மாறும் ஒவ்வோரிடத்திலும் ஒரு சேம்பரோ திறந்து பார்க்கும் மூடியோ இருக்க வேண்டும். நேராகச் செல்லும் பகுதியிலும், அடைப்பு எடுக்கும் கம்பி எட்டும் தூரத்துக்குள் ஒன்று வேண்டும்.

நீண்ட குழாயின் மேல்முனையில் காற்றுக் குழாய் கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால், ஓடும் நீர் பின்னே வெற்றிடத்தை உண்டாக்கி, ட்ராப்புகளில் தேங்கியிருக்கும் நீரை இழுத்துச் சென்றுவிடும். ட்ராப்பில் ஏறத்தாழ 50 மில்லிமீட்டர் உயரத்துக்கு நிற்கும் அந்த நீர்தான் துர்நாற்றம் அறைக்குள் வராமல் காக்கிறது. அரிதாகப் பயன்படும் அறையில் அது வெயில் காலத்தில் வற்றியும் போகும் என்பதால், அவ்வப்போது ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி வர வேண்டும்.

வாட்டமே கிடைக்காதபோது

சேம்பர் மேலேயும் குளியலறை கீழேயும் இருந்தாலோ, இடையில் உடைக்க முடியாத தரையோ அடித்தளமோ குறுக்கிட்டாலோ, கழிவைப் பம்பினால் தள்ள வேண்டியிருக்கும். கோப்பைக்குப் பின்னால் அமரும் மேசரேட்டர் என்ற கருவி, கழிவைக் கத்தியால் அரைத்துக் கூழாக்கி, 22 முதல் 32 மில்லிமீட்டர் வரையுள்ள சிறு குழாயில் தள்ளுகிறது. பல கருவிகள் நான்கைந்து மீட்டர் உயரத்துக்கு ஏற்றவும், கிடைமட்டத்தில் பல பத்து மீட்டர் தூரம் தள்ளவும் வல்லவை. ஆனால் இந்த இரண்டு எண்களும் ஒருசேரக் கிடைப்பவை அல்ல. எவ்வளவு உயரம் ஏற்றுகிறோமோ அவ்வளவுக்குத் தூரம் குறையும். கருவியோடு வரும் அட்டவணையில் உங்கள் உயரத்துக்கு எத்தனை மீட்டர் தூரம் என்பதைப் பார்த்த பிறகே வாங்க வேண்டும். ஏற்ற வேண்டிய உயரம் முழுவதையும் கருவியின் அருகிலேயே செங்குத்தாக ஏற்றிவிட்டு, அதன்பின் சிறு வாட்டத்தோடு கிடைமட்டமாகக் கொண்டுசெல்வதே சரியான முறை. இதற்கும் பின்பக்கம் வாய் திறக்கும் கோப்பையே பொருந்தும்.

இக்கருவியின் வசதியை நான் மறுக்கவில்லை. பெயர்க்க முடியாத அடித்தள அறைகளில் இதுவே கதி. எனினும் வாங்குமுன் மூன்று செய்திகளை வீட்டார் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். மின்சாரம் நின்றால் கழிப்பறையும் நின்றுவிடும். மாதவிடாய் அணையாடை, பஞ்சு, ஈரத் துடைப்பான், முடி ஆகியவற்றில் எதைப் போட்டாலும் கத்தி சிக்கிக்கொள்ளும்; அதைப் பிரித்து எடுப்பது எவருக்கும் விருப்பமான வேலை அல்ல. ஒவ்வொரு ஃப்ளஷ்ஷுக்கும் மோட்டார் ஒலிக்கும். இரவில் பக்கத்து அறைக்கும் அது கேட்கும். வீட்டில் ஈர்ப்பால் இயங்கும் வேறொரு கழிப்பறை இருந்தால் மட்டுமே மேசரேட்டரை வைக்கலாம் என்று இங்கிலாந்தின் கட்டட வழிகாட்டுதல் கூறுவது இந்தக் காரணங்களை எண்ணித்தான். உங்கள் ஊரில் அப்படி விதி இல்லாவிட்டாலும் அதையே பின்பற்றுவது நல்லது.

குளியலறையில் பல பேர் புழங்குவதாக இருந்தால், தரைக்கடியில் ஒரு சேகரிப்புத் தொட்டி அமைத்து, திடக்கழிவைத் தாங்கும் பம்பை அதில் வைப்பது மேசரேட்டரைவிட நீண்டகாலம் உழைக்கும். அப்போது கோப்பை எந்த வகையாகவும் இருக்கலாம். தொட்டிக்குக் காற்றுப் புகாத மூடி, தனிக் காற்றுக் குழாய், தள்ளிய நீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு, மட்டம் உயர்ந்தால் ஒலிக்கும் எச்சரிக்கை மணி ஆகிய நான்கும் வேண்டும்.

குழாயை நீட்டாமலே இருக்கும் வழிகள்

நிலம் இருக்குமானால், தொலைவிலுள்ள சேம்பரைத் தேடிப் போவதற்குப் பதிலாக, புதுக் குளியலறைக்கு அருகிலேயே ஒரு சிறிய செப்டிக் டேங்கோ இரட்டைக் குழியோ அமைப்பதையும் ஆராய வேண்டும். இரட்டைக் குழி முறையில், செங்குத்தான சரிவும் ட்ராப்பில் ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் மட்டுமே நிற்கும் நீர்த்தடுப்பும் கொண்ட குந்தும் கோப்பையை ஒன்றரை அல்லது இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றியே கழுவலாம். ஒரு குழி நிரம்பியதும் மற்றதற்கு மாற்றிவிட்டு, நிரம்பியதை இரண்டு ஆண்டுகள் மூடி வைத்தால் உள்ளே இருப்பது உரமாக மக்கிவிடும். அவ்வளவு குறைந்த நீர் சில மீட்டர்களுக்கு மேல் கழிவைச் சுமக்காது என்பதால், இந்தக் கோப்பையை நெடுந்தூரக் குழாயோடு ஒருபோதும் இணைக்கக்கூடாது. குடிநீர்க் கிணறு 30 மீட்டருக்குள் இருந்தாலோ, குழியின் அடிக்கும் நிலத்தடி நீர்மட்டத்துக்கும் இடையில் ஒன்றரை மீட்டர் இல்லாவிட்டாலோ இந்த வழியைக் கைவிடுவதே அறம். அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்கள் அண்டை வீட்டாராகவும் இருக்கலாம்.

நீரே இல்லாத உலர் கழிப்பறை இன்னொரு வழி. சிறுநீரையும் மலத்தையும் தனித்தனியே பிரிக்கும் கோப்பையை இதற்கு வாங்க வேண்டும். தண்ணீரால் கால் கழுவும் பழக்கமுள்ளவர்கள், கழுவும் நீருக்கென மூன்றாவது வாய் உள்ள கோப்பையையே தேர்ந்தெடுக்க வேண்டும். மலத்தோடு நீர் சேர்ந்தால் மக்குவது நின்று நாற்றம் தொடங்கும். ஒவ்வொரு முறையும் சாம்பலோ மரத்தூளோ தூவுவதை வீட்டிலுள்ள அனைவரும் கடைப்பிடிக்க வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2006-ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, 20 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பமுள்ள இடங்களில், சேர்த்ததை ஓராண்டுக்கு மேல் மூடி வைத்த பிறகே வயலில் இட வேண்டும். அக்கறையோடு பேணுவோருக்கு இது மிகச் சிறந்த முறை. அந்த அக்கறை எல்லோரிடமும் இருக்கும் என்று நம்பி, வாடகைக்கு விடும் அறையில் இதை அமைப்பது சரியன்று.

மண்ணை மூடுவதற்கு முன்

குழாயைப் பதித்து இணைத்த பின், பள்ளத்தை மூட அவசரப்படும் வேலையாளைப் பொறுமையாக நிறுத்த வேண்டும். கீழ்முனையை அடைத்துக் குழாயில் தண்ணீர் நிரப்பி, மட்டம் இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்தால் இணைப்புகளின் கசிவு தெரிந்துவிடும். பிறகு கோப்பையைத் தற்காலிகமாக இணைத்து, ஈரக் காகிதத்தை உருண்டைகளாக உருட்டிப் போட்டு முழு ஃப்ளஷ் ஒன்றை விட்டு, கடைசிச் சேம்பரில் ஒருவரை நிற்கவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் ஃப்ளஷ்ஷில் வராதவை இரண்டாவதிலாவது வந்து சேர வேண்டும். மூன்றாவது முறையும் வராவிட்டால், குழாய் எங்கோ தொய்ந்திருக்கிறது அல்லது தண்ணீர் போதவில்லை. இடைச் சேம்பர்களைத் திறந்து எந்தத் துண்டில் நிற்கிறது என்று கண்டுபிடித்து அந்தத் துண்டின் வாட்டத்தை மீண்டும் அளவிடுங்கள். வாட்டம் சரியாக இருந்தால் டேங்கின் மிதவையை உயர்த்தி நீரின் அளவைக் கூட்டி, அதே உருண்டைகளால் மறுபடியும் சோதியுங்கள். உருண்டைகள் ஒழுங்காக வந்து சேரும் நாளன்று பள்ளத்தை மூடலாம்.